பன்னிரண்டு பிடி, ஒரு விரல்

திருவாதவூர் சாலையில் பந்தயம்.
டீக்கடைக்காரர் விடியுமுன்பே
வாளி வாளியாகத் தண்ணீர் வீசித்
தூசியை அடக்கி வைத்திருக்கிறார்.
சின்னக் குதிரை என்றால்
பன்னிரண்டு பிடிக்குள் நிற்கவேண்டும்.
அளப்பது நான்,
மேலூர் கால்நடை மருந்தகத்து ஆய்வாளர்,
அடையாள அட்டையில் வெ. சொர்ணக்கிளி.

உதுமான் ராவுத்தர் தன் குதிரையோடு வருகிறார்.
கருப்பட்டிச் சீரணி நிறம். பேரும் சீரணி.
“பன்னெண்டுக்கு உள்ளதான்த்தா, அடிச்சுச் சொல்றேன்.”
“அடிச்சுச் சொன்னா அளவு குறையுமா?”
சிரிக்கிறார்.

இரும்புக்கோலைக் கண்டதும் சீரணி
கண்ணில் வெள்ளை தெரியப் பின்வாங்குகிறது.
கோல் என்றால் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்.
கோலைத் தரையில் கிடத்திவிட்டுக்
கையை மட்டும் நீட்டுகிறேன்.
இதனால்தான் போலும்
குதிரையைக் கையால் அளந்தார்கள்:
சந்தைக்குப் போகிறவன்
வீட்டில் மறந்து வைத்துவிட முடியாத அளவுகோல்,
குதிரை முகர்ந்து பார்த்துச்
சம்மதிக்கிற அளவுகோல்.

யார் கை என்று சண்டை வந்திருக்கும்.
பருத்த கைக்காரன் வாங்கும்போது அளந்திருப்பான்.
விற்கும்போது
மெலிந்த கை மச்சினனைக் கூட்டி வந்திருப்பான்.
பிறகுதான் நாலு அங்குலம் என்று
கையைக் கணக்கில் தைத்துவிட்டார்கள்.
என் கை மூன்றரை.
பிடிக்கு அரை அங்குலம்
மனதுக்குள் கூட்டிக்கொள்வேன்.

முன்னங்குளம்பிலிருந்து ஏறுகிறேன்,
பிடிமேல் பிடியாக,
முழங்கால், மார்போரம்,
பிடரிமயிர் முடிகிற தோள்மேடு வரை.
அதற்குமேல் கணக்கில்லை.
தலையை அளப்பதில்லை.
தலை புல்லுக்குக் குனியும், வேட்டுக்கு நிமிரும்,
அதை நம்பி யாரும் பணம் கொடுத்ததில்லை,
அந்திவரை குதிரையாக நின்று
ராத்திரியில் ஊளையிட்ட நரிகளுக்குப்
பொன் கொடுத்த பாண்டியனைத் தவிர.

என்னை மட்டும் தலையில் அளந்தார்கள்.
மதுரை ஆயுதப்படை மைதானம், ஆறு வருடம் முன்.
பலகை உச்சந்தலையில் இறங்கியது.
கொண்டைக்குள் ஏதும் ஒளித்திருக்கிறேனா என்று
அவிழ்த்துத் துழாவினார்கள்.
நூற்றைம்பத்தெட்டரை.
அரை சென்டிமீட்டர் போதாது.
அடுத்து.

மேட்டில் கை பட்டதும் சீரணி இறங்குகிறது.
முதுகு தொட்டில் சேலைபோல் தொய்கிறது,
கால்கள் அகல்கின்றன.
பதினொன்றேமுக்கால் பிடி.
ராவுத்தர் வேறெங்கோ பார்க்கிறார்.
ரோமத்தைப் பிரித்தால்
எள் எள்ளாகக் காய்ந்த புண்.
எத்தனை காலை ஊசியோடு வந்ததோ ஒரு கை,
இந்தக் கையைப் போலவே.

வளரச் சொல்லி நான்
மூன்று மாதம் கம்பியில் தொங்கியிருக்கிறேன்.
குறுகச் சொல்லி இதை.

கையை எடுக்கவில்லை.
அழுத்தவுமில்லை.
வைத்திருந்தேன், அவ்வளவுதான்.
மைக்கில் சாரதிகள் பேரை வாசிக்கிறார்கள்.
“என்னம்மா, குதிரைக்குக் காய்ச்சலா பாக்குற?”
கமிட்டிக்காரர்.
தோல் துடிக்கிறது, துடிக்கிறது.
ஈ ஒன்று உட்கார்ந்து போகிறது.
யாரும் குத்தாத ஒரு நிமிஷத்தை நம்பலாமா என்று
ஒரு காதை மட்டும் என் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு
என் உள்ளங்கையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு
மெல்ல
எழுந்தது.

பன்னிரண்டு பிடி, ஒரு விரல்.
இரும்புக்கோலும் அதையே தன் பாஷையில் சொன்னது:
நாற்பத்தெட்டேமுக்கால்.

நடுக்குதிரையில்தான் ஓட விட்டார்கள்.
ஏழு வண்டியில் ஆறாவது.
ராவுத்தர் என்னோடு பேசவில்லை.
புண்ணுக்குக் களிம்பு கொடுத்தேன்.
பார்க்காமலே சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ராத்திரி கதவு நிலையில் சாய்ந்து
தோளுக்கு நேரே பென்சிலால் கோடு கிழித்தேன்.
கீழிருந்து பிடிமேல் பிடியாக
பதினான்கரை.
கொண்டையை அவிழ்க்கவில்லை.